பெரும் பதிப்பும் கடைசி வாய்க்காலும்

ஒவ்வொரு வருடமும் சிறுபோகம் என்ற கோடை நெற்செய்கைக்கு முன்னால் கிளிநொச்சியில் ஒரு கூட்டம் கூடும். இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, அதை நம்பி எத்தனை ஏக்கர் விதைக்கலாம், குளத்து மதகான துருசு எந்தத் திகதியில் திறக்கும், எந்தத் திகதியோடு பூட்டும் என்று நீர்ப்பாசனத் திணைக்களமும் மாவட்டச் செயலகமான கச்சேரியும் கமக்காரர் அமைப்புகளும் இருந்து பேசி முடிவெடுக்கும். சின்ன வயதில் அப்பாவோடு இரண்டொரு தடவை போயிருக்கிறேன். குளத்தடியில் காணி உள்ளவர்கள் அதிகம் கதைக்கமாட்டார்கள். கதைப்பதெல்லாம் கடைசி வாய்க்கால்காரர்கள்தான். துருசு திறந்து எத்தனையாவது நாள் தங்கள் வரம்புக்குத் தண்ணீர் வரும், பூட்டுகிற திகதிக்குள் தங்கள் பயிர் முற்றிவிடுமா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

மென்பொருள் வேலைக்கு வந்து பல வருடங்களுக்குப் பிறகு அந்தக் கூட்டம் எனக்குத் திரும்ப நினைவு வந்தது. நாங்கள் நாலு பேர் சேர்ந்து பராமரிக்கும் ஒரு சிறிய திறமூல லைப்ரரிக்கு 2.0 பதிப்பைத் திட்டமிட உட்கார்ந்தபோது, எங்களுக்கும் அதே கேள்விதான் வந்து நின்றது: நாங்கள் திறந்துவிடுவது கடைசியில் இருப்பவருக்கு எப்போது, எந்த நிலையில் போய்ச் சேரும்?

லைப்ரரி என்பது மற்ற நிரலாளர்கள் எடுத்துத் தங்கள் நிரலுக்குள் பொருத்திக்கொள்ளும் ஆயத்தக் கோட், அதாவது எழுதி வைத்த நிரல் வரிகள். எங்களுடையது பைதன் என்ற நிரல்மொழியில் எழுதியது. தமிழ் உரையை வைத்து வேலை செய்வது அதன் தொழில். எழுத்து எண்ணும், அகரவரிசைப்படுத்தும், பாமினியில் தட்டிய பழைய கோப்பை, எல்லா மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடுக்கு மாற்றும். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று திரையில் தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கில விசைகள்தான். எழுத்துருவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அந்த ஐந்தும். எங்கள் பக்கத்தில் சங்கங்களின் கூட்டக் குறிப்பு, பள்ளிக்கூட வினாத்தாள், கோயில் கணக்கு என்று எத்தனையோ கோப்புகள் இன்னும் அப்படித்தான் கிடக்கின்றன. அவற்றை மீட்பதற்காகத் தொடங்கிய வேலை இது.

பதிப்பு எண்ணில் ஏன் இவ்வளவு யோசனை என்று கேட்கலாம். இன்று பல லைப்ரரிகள் 'செமான்டிக் வேர்ஷனிங்' என்ற வழக்கத்தைப் பின்பற்றுகின்றன. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பை நிறுவியவர்களில் ஒருவரான டொம் பிரெஸ்டன்-வேர்னர் எழுதி வைத்த விதி அது. புள்ளி வைத்து மூன்று எண்கள். கடைசி எண் கூடினால் பிழை திருத்தியிருக்கிறார்கள். நடு எண் கூடினால் புதிதாக ஏதோ சேர்த்திருக்கிறார்கள், பழையது அப்படியே ஓடும். முதல் எண் கூடினால் கவனம்: உங்கள் நிரல் உடையலாம். ஆக, 1.8 இலிருந்து 1.9 க்குப் போவது எங்கள் வேலை. 1.9 இலிருந்து 2.0 க்குப் போவது எங்களை நம்பியிருக்கும் எல்லோருடைய வேலையும். அவர்கள் எத்தனை பேர், யார் யார் என்றுகூட எங்களுக்கு முழுதாகத் தெரியாது. யாரும் கேட்காமல் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதுதானே திறமூலம்.

அப்படியென்றால் உடைக்காமலே இருந்துவிடலாமே? முடியாது. சில பிழைகள் அடித்தளத்திலேயே இருக்கும். இதற்குத் தமிழருக்கு நன்றாக விளங்கக்கூடிய உதாரணம் பைதன்தான்.

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று ஒரு முதலாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் மூன்று என்று சொல்லும். த, மி, ழ். யூனிகோடில் அது ஐந்து குறியெண், அதாவது தனி எண் பெற்ற ஐந்து குறி: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 என்ற முறையில் சேமித்தால் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணுக்கும் மூன்று பைட் (சேமிப்பின் அலகு), ஆகமொத்தம் பதினைந்து. பைதன் 2 இல் சாதாரணமாக அந்தச் சொல்லை எழுதி நீளம் கேட்டால் 15 என்று விடை வரும். அந்த மொழியில் உரையும் பைட் குவியலும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் அங்கே இந்தச் சிக்கல் கண்ணில் படாது. தமிழில் முதல் வரியிலேயே படும். பைதன் 3 உரையை வேறு, பைட்டை வேறு என்று பிரித்தது. அதே கேள்விக்கு 5 என்றது. மூன்று என்று சொல்ல எங்களைப் போன்ற ஒரு லைப்ரரி இன்னும் தேவை, ஆனாலும் பதினைந்திலிருந்து ஐந்துக்கு வந்ததே பெரிய விடயம். இதைச் சிறு பதிப்பொன்றில் ஓசைப்படாமல் திருத்த முடியாது. உடைத்துத்தான் ஆகவேண்டும். அந்த உடைப்பு சரியென்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் போன பாதை கடினமானது. பைதன் 3.0 வெளிவந்தது 2008 டிசம்பர் 3 ஆம் திகதி. பைதன் 2 க்கான ஆதரவு 2015 உடன் முடியும் என்று முதலில் திட்டமிட்டார்கள். பிறகு அதை ஐந்து வருடம் நீட்டினார்கள். 2020 ஜனவரி 1 ஆம் திகதிதான் அது ஓய்ந்தது. பதினொரு வருடம்! ஏன் இவ்வளவு? ஒரு காரணம், ஒவ்வொரு லைப்ரரியும் தனக்குக் கீழே இருக்கும் லைப்ரரி மாறட்டும் என்று காத்திருந்தது. இன்னொரு காரணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தொடக்கத்தில் அவர்கள் சொன்ன வழி, ஒரு மாற்றிக் கருவியை வைத்துப் பழைய நிரலைப் புதியதாக மாற்றிக்கொள்ளுங்கள் என்பது. ஆட்களுக்குத் தேவைப்பட்டதோ இரண்டிலும் ஓடக்கூடிய ஒரே கோட். ஏனென்றால் அவர்களை நம்பியும் இரண்டு பக்கத்திலும் ஆட்கள் இருந்தார்கள். இதைப் புரிந்துகொண்டு, யூனிகோட் உரைக்கு முன்னால் பழையவர்கள் போடும் 'யூ' என்ற எழுத்தை 2012 இல் பைதன் 3.3 திரும்ப ஏற்றுக்கொண்டது. புதிய பைதனில் அந்த எழுத்துக்கு ஒரு வேலையும் இல்லை. பழைய வரப்பிலிருந்து புதிய வரப்புக்குக் கால் வைக்க ஒரு பலகை, அவ்வளவுதான். அந்தச் சிறிய பலகை எத்தனையோ பேருக்கு வழியைத் திறந்துவிட்டது.

பைதன் 3 இல் இன்னொரு மாற்றமும் உண்டு. 5 ஐ 2 ஆல் வகுத்தால் பைதன் 2 இல் விடை 2. பைதன் 3 இல் 2.5. இரண்டிலும் நிரல் ஓடும், பிழைச்செய்தி வராது. கணக்கு மட்டும் மாறிப்போகும். உடைவதில் இரண்டு வகை உண்டு என்று எனக்கு இதிலிருந்துதான் விளங்கியது. சத்தம் போட்டு உடைவது ஒன்று. ஆள் உடனே பார்த்துத் திருத்திவிடுவார். சத்தமில்லாமல் உடைவது மற்றது. மாதக் கணக்கில் பிழையான விடை போய்க்கொண்டே இருக்கும். குளக்கட்டில் கசிவு எங்கே என்று தெரியாமல் தண்ணீர் குறைவது போல.

இதை நாங்களே செய்யப் பார்த்தோம்.

எங்கள் 1.x பதிப்புகளில் எழுத்து எண்ணும் பங்க்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) 'தமிழ்' என்ற சொல்லுக்கு ஐந்து என்று விடை தந்துகொண்டிருந்தது. தொடக்க காலத்தில் அவசரத்தில் எழுதியது. தமிழ் லைப்ரரி என்று பெயர் வைத்துக்கொண்டு ஐந்து சொல்வது எங்களுக்கே வெட்கமாக இருந்தது. 2.0 இல் மூன்று வருமாறு திருத்துவோம் என்று நாலு பேரும் ஒரே மனதாக முடிவெடுத்தோம். அதில் வாதிட ஏதும் இருப்பதாக அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு, யாரெல்லாம் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்று தேடிக்கொண்டு போனபோது முரசுமோட்டைப் பக்கம் ஒரு தம்பி அகப்பட்டான். அவனுடைய அப்பா இருக்கும் கமக்காரர் அமைப்புக்கு, தண்ணீர் முறை வரும் நாளை உறுப்பினர்களுக்கு எஸ்எம்எஸ்ஸில் அறிவிக்க ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருக்கிறான். "நாளை காலை 6 மணிக்கு மூன்றாம் வாய்க்காலில் தண்ணீர் வரும். வரம்பைக் கட்டி வையுங்கள்" என்பது மாதிரியான செய்திகள். ஓர் எஸ்எம்எஸ்ஸுக்கு 140 பைட்தான் இடம். தமிழில் அனுப்பும்போது அங்கே யூடிஎஃப்-8 அல்ல, வேறு முறை; ஒவ்வொரு குறியெண்ணும் இரண்டு பைட் எடுக்கும், ஆகவே 70 குறியெண் வரை ஒரு செய்தி. அதைத் தாண்டினால் இரண்டு செய்திக் காசு. அவன் எங்கள் பங்க்ஷனை வைத்து எண்ணிப் பார்த்து, 70 ஐத் தாண்டினால் செய்தியைச் சுருக்கச் சொல்லி எச்சரிக்கும்படி செய்திருந்தான்.

மேலே உள்ள செய்தியை எண்ணிப் பாருங்கள். இடைவெளியும் புள்ளியும் சேர்த்து எழுத்துக் கணக்கில் 50. குறியெண் கணக்கில் 81. நாங்கள் 'சரியாகத்' திருத்திய பங்க்ஷன் 50 என்று சொல்லியிருக்கும். அவனுடைய நிரல் நிம்மதியாக அனுப்பியிருக்கும். ஒவ்வோர் உறுப்பினருக்கும் இரண்டு செய்தி போயிருக்கும். பிழைச்செய்தி எதுவும் வந்திருக்காது, மாதக் கடைசியில் பில் மட்டும் வந்திருக்கும்.

தொலைபேசியில் இதை விளக்கிச் சொன்னபோது அவன் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அண்ணை, நீங்கள் சொல்லுற மூண்டு சரிதான். ஆனா ஃபோன் கொம்பனிக்கு அது அஞ்சு."

கூகிளில் வேலை செய்த ஹைரம் ரைட் என்பவரின் பெயரில் ஒரு விதி வழங்குகிறது. பயன்படுத்துவோர் போதிய அளவு பெருகிவிட்டால், நீங்கள் ஆவணத்தில் என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்பது பொருட்டில்லை. உங்கள் நிரல் வெளியே காட்டும் எந்த நடத்தையையும் யாரோ ஒருவர் நம்பியிருப்பார். எங்களுக்குப் போதிய அளவு ஆட்களே இல்லை. ஆனாலும் எங்கள் பிழையை ஒருவன் சரியான காரணத்துக்காகவே நம்பியிருந்தான்.

இதற்குப் பிறகு திட்டத்தை மாற்றினோம். பழைய பங்க்ஷனின் பொருளை மாற்றுவதில்லை. அதற்குப் பதிலாக இரண்டு புதிய பங்க்ஷன்: ஒன்று எழுத்தை எண்ணும், மற்றது குறியெண்ணை எண்ணும். பெயரைப் பார்த்தாலே எது என்ன என்று தெரியும். பழையது 2.0 இல் இருக்காது. யாராவது அழைத்தால் நிரல் அங்கேயே நிற்கும், இந்த இரண்டில் எது வேண்டும் என்று தமிழில் கேட்கும். அதாவது உடையும், ஆனால் சத்தம் போட்டு உடையும்.

நிரல் நின்றுபோவதும் ஒருவருக்குத் தொல்லைதான். அதற்காகத்தான் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும் பாலப் பதிப்பு. எஸ்கியூஎல்அல்கெமி என்ற தரவுத்தள லைப்ரரி இதை மிக நன்றாகச் செய்தது. அவர்களுடைய 2.0 வந்தது 2023 ஜனவரியில். அதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம் முன்னால், 2021 மார்ச்சில், 1.4 ஐ வெளியிட்டார்கள். 2.0 இன் புதிய எழுத்துமுறையில் பெரும்பகுதி அதிலேயே இருந்தது, பழைய முறையும் ஓடியது. சூழல் மாறி என்ற ஓர் அமைப்பை மட்டும் போட்டுவிட்டால், 2.0 இல் எது எது உடையும் என்று வரி வரியாக எச்சரிக்கை வரும். எச்சரிக்கை எல்லாம் தீரும்வரை 1.4 இலேயே இருந்து திருத்தலாம். தீர்ந்தபின் 2.0 க்குப் போவது அநேகமாக ஒரு காலடிதான். எங்கள் 1.9 ஐ அதைப் பார்த்தே வடிவமைத்தோம். புதிய பங்க்ஷன் இரண்டும் 1.9 இலேயே உண்டு. பழையதை அழைத்தால் விடை வரும், கூடவே எச்சரிக்கையும் வரும்.

இந்த விடயத்தில், இணையச் செயலிகள் கட்ட உதவும் ஆங்குலர் எதிர்த் திசையில் போனது. 2016 இல் வந்த ஆங்குலர் 2, முந்தைய ஆங்குலர்ஜேஎஸ்ஸிலிருந்து முழுதாகத் திருப்பி எழுதப்பட்டது. இரண்டையும் ஒன்றாக ஓடவிடும் வழியொன்று கொடுத்தார்கள், ஆனாலும் பழைய கோட் ஏறக்குறையத் திரும்ப எழுதவேண்டியதாயிற்று. ஒரு பெரிய நிறுவனத்தின் கையில் இருந்ததால் அது தாங்கியது. நாலு பேர் வைத்திருக்கும் லைப்ரரி தாங்காது.

அப்புறம், தரைமட்டம் எது என்ற கேள்வி. அதாவது 2.0 ஓடுவதற்குக் குறைந்தபட்சம் எந்தப் பைதன் வேண்டும்? எங்களில் கனடாவில் இருப்பவர் ஆகப் புதியதை வைப்போம், கோட் அழகாக வரும் என்றார். அவர் சொன்னது உண்மை. ஆனால் இங்கே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடக் கணினி அறையில் நான் பார்த்த இயந்திரங்களில் பாதி விண்டோஸ் 7. மைக்ரோசொஃப்ட் அதற்கான ஆதரவை 2020 ஜனவரியில் நிறுத்திவிட்டது, பைதனும் 3.9 இலிருந்து அதில் ஓடாது. 3.8 தான் அதற்குக் கடைசி. தரையை 3.9 க்கு உயர்த்தினால் அந்த அறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு எங்கள் 2.0 இல்லை. பழைய இயந்திரம் பாதுகாப்பில்லாதது, மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதை மாற்றும் காசும் அதிகாரமும் அந்தப் பிள்ளைகளிடம் இல்லையே. 3.8 ஐ விடாமல் வைத்திருக்க எங்களுக்கு ஆகும் செலவு சில அழகான வசதிகளைத் தவிர்ப்பதுதான். தவிர்த்துவிட்டோம்.

என்றாவது உயர்த்தத்தான் வேண்டிவரும். அன்றைக்கும் ஒரு நல்ல வழி இருக்கிறது. எங்கள் லைப்ரரிப் பொதியின் விவரக்குறிப்பில் 'எனக்கு இந்தப் பைதன் வேண்டும்' என்று ஒரு வரி எழுதி வைக்கலாம். 2016 இல் வந்த பிப் 9 முதல், நிறுவும் கருவி அந்த வரியைப் படிக்கும். இயந்திரம் பழையது என்றால் புதிய பதிப்பைத் தொடாமல், அதற்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பைத் தானாக எடுத்துப் போடும். 2017 இல் ஐபைதன் என்ற பொதியின் 6.0 பதிப்பு பைதன் 2 ஐக் கைவிட்டபோது இந்த வழியைத்தான் நம்பியது. ஒரு வரிதான். அதை எழுத மறந்து வெளியிட்டால், பழைய இயந்திரத்தில் நிறுவுகிறவருக்கு ஓடாத பொதி போய் இறங்கும். மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று டேட்டா கார்டில் காலம் தள்ளும் ஒரு மாணவிக்கு அது வெறும் எரிச்சலோடு முடிவதில்லை, அவளுடைய காசும் போகும்.

வெளியீட்டுக்கு முன் சோதிக்கத் தரும் முன்னோட்டப் பதிப்புக்கு நாங்கள் பார்த்துப் படித்தது நம்ப்பையை. பைதனில் கணக்கு, தரவு, இயந்திரக் கற்றல் என்று எதைத் தொட்டாலும் அடியில் நம்ப்பை இருக்கும். அதன் 1.0 வந்தது 2006 இல். 2.0 வந்தது 2024 ஜூன் 16 இல். பதினெட்டு வருடம் முதல் எண்ணைத் தொடவில்லை. தொட்டபோது, நேரடியாக அழைக்கும் பெயர்களின் தொகுதியான முதன்மைப் பெயர்வெளியில் சுமார் 100 பெயர்களை நீக்கினார்கள், ஒதுக்கினார்கள் அல்லது இடம் மாற்றினார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், கம்பைல் செய்த, அதாவது இயந்திர மொழிக்கு முன்கூட்டியே மாற்றிக் கட்டிய பொதிகள். 1.x ஐ வைத்துக் கட்டிய பொதி 2.0 இல் ஓடாது. அதற்கு அவர்கள் செய்த ஏற்பாட்டைப் பாருங்கள். 2.0 ஐ வைத்துக் கட்டினால் அது 1.x இலும் ஓடும். ஆகவே மேலே உள்ள லைப்ரரிகள் ஒரே ஒரு தடவை திரும்பக் கட்டினால் போதும், தங்கள் பயனர் எந்தப் பக்கம் நின்றாலும் கவலையில்லை. முதல் முன்னோட்டப் பதிப்பை மார்ச் மாதமே கொடுத்துவிட்டார்கள். பெயர் மாற்றங்களில் பெரும்பகுதியைத் தானாகத் திருத்தித்தர ரஃப் என்ற கருவியில் ஒரு விதியும் இருந்தது. இத்தனை செய்தும் வெளியான வாரம் சில இடங்களில் உடைந்தது. செய்யாமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

ரஸ்ட் மொழிக்காரர்களிடம் க்ரேட்டர் என்றொரு கருவி இருக்கிறது. புதிய கம்பைலரை வைத்து, பொதுவெளியில் இருக்கும் ரஸ்ட் பொதிகளை எல்லாம் கட்டிப் பார்த்து எது உடைகிறது என்று சொல்லும். எங்களிடம் அப்படி எதுவும் இல்லை. எங்களை நம்பியிருக்கும் நிரல்களில் கண்டுபிடிக்க முடிந்த சிலவற்றை இறக்கி, 2.0 இன் முன்னோட்டத்தோடு கையால் ஓட்டிப் பார்த்தோம். முரசுமோட்டைத் தம்பியின் நிரல் திட்டமிட்டபடி நின்றது, கேள்வி கேட்டது. அவன் ஒரு வரியை மாற்றினான். அதே செய்திக்கு 81 வந்தது.

பழையதற்கு எத்தனை காலம் ஆதரவு? இதில் வாக்குக் கொடுப்பது எளிது, காப்பாற்றுவது கடினம். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் போன நாட்கள் எங்களுக்கு மறக்கவில்லை. ஒரு சிறிய திருத்தத்தை ஏற்றிவிட ஒரு வாரம் எடுத்தது. சம்பளம் இல்லாமல் இரவில் செய்யும் வேலைக்கு ஐந்து வருட ஆதரவு என்று எழுதிவைத்தால் அது பொய். 1.9 க்கு ஒரு வருடம், அதுவும் தரவைக் கெடுக்கும் பிழைகளுக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் என்று எழுதியிருக்கிறோம். குறைவுதான், ஆனால் செய்வோம். மாற்றக் குறிப்பைத் தமிழிலேயே முதலில் எழுதினோம். எந்த வரி எந்த வரியாக மாறும் என்று பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து.

2.0 க்குள் போகாத ஒன்றும் இருக்கிறது. 'ஸ்ரீ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஸகரத்தில் தொடங்குவது பழைய வழக்கம். 2005 இல் ஶகரம் சேர்க்கப்பட்ட பிறகு அதில் தொடங்குவது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டும் வேறு. பெயர்ப் பட்டியலில் ஒரே ஸ்ரீதரன் இரண்டு தடவை வருவது இதனால்தான். அதை ஒன்றாக்கவேண்டும் என்று எனக்கு மிகவும் ஆசை. ஆனால் அதுவும் சத்தமில்லாமல் உடைக்கும் மாற்றம், அதற்கு என்ன பாலம் போடுவது என்று எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆகவே 3.0 க்குத் தள்ளிவைத்தோம்.

வெளியிடும் நாளைப் பற்றித் தம்பியிடம் கேட்டேன். சித்திரையிலிருந்து ஆவணி வரை தண்ணீர் முறை, நாளாந்தம் செய்தி போகும், அதற்குள் எதையும் தொட வேண்டாம் என்றான். சிறுபோகம் வெட்டி முடிந்து, மாரிக்கால நெற்செய்கையான காலபோகத்துக்கு உழவு தொடங்கும் முன்னால் இரண்டு மூன்று வாரம் குளமும் சும்மா கிடக்கும், அவனுடைய நிரலும் சும்மா கிடக்கும். செப்டெம்பர் முதல் வாரம் என்று குறித்து வைத்திருக்கிறோம்.